அரை ராத்தல் ஈயம்

ஞானதுரையைப் பற்றிக் கேட்டால் போடியில் முக்கால்வாசிப் பேர், "பெத்த அப்பனைச் சந்தியில நிறுத்துனவன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் வட்டு எறிய எறிய ஓடிப்போய், விழுந்த இடத்தில் ஆணி அடித்து, டேப்பைப் பிடித்து, எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று பதினோரு வருஷம் கத்தினவன் நான். பெயர் தங்கபாண்டியன், ஊர் சிலமலை, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆகவே அளவு சம்பந்தப்பட்ட இந்த விஷயத்தில் கடைத்தெரு சொல்வதைவிட நான் சொல்வதைக் கேட்பது நல்லது.

ஞானதுரையின் அப்பா சத்தியநேசன் போடிக் கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரி. மலைச்சரிவில் ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் தோட்டம் போட்டிருக்கிற சம்சாரிகள் திங்கட்கிழமைதோறும் காயை மூட்டை கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அவர்களிடம் வாங்கி, பெண்களை வைத்துப் பொறுக்கித் தரம் பிரித்து, பம்பாய்க்கு அனுப்புவது தொழில். பம்பாய்க்காரனுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்றுதான் மகனை மதுரையில் கல்லூரிக்கு அனுப்பினார். மகன் அங்கே போய்க் கற்றுக்கொண்டது பந்து உதைக்க.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். கல்லூரி அணியில் ஞானதுரை பேக் ஆட்டக்காரன். எதிரியின் பந்தைத் தடுத்து நிறுத்துவதுதான் வேலை. செருப்புகூட இல்லாத வெறுங்கால். ஒருமுறை பட்டாளத்து அணி ஒன்று பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆட வந்தது. வெறுங்கால் பையன்கள் அடிபட்டுச் சாவார்கள், ஆட்டம் வேண்டாம் என்று கல்லூரிப் பெரியவர்கள் தயங்கினார்களாம். "பூட்ஸ் அவுங்க கால்ல இருக்கு சார். பந்து நடுவுலதான இருக்கு" என்று சொல்லிவிட்டு இவன் இறங்கிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று, சமம். வலது கால் பெருவிரல் நகம் அன்றைக்குப் போனது போனதுதான், அப்புறம் முளைக்கவே இல்லை. அதே வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் வட்டு எறிந்து இரண்டாவதாக வந்தான். நூற்று ஒன்பது அடி. அந்த நூற்று ஒன்பதை ஊருக்குக் கொண்டுவந்ததுதான் வினையாயிற்று.

படிப்பு முடிந்து வந்தவன் கடையில் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வேலைக்குப் போனான். நானும் அந்த வருஷம்தான் சேர்ந்தேன். அப்பாவின் கடையில் காய் பொறுக்குகிற பெண்களை மேய்க்கிற மேஸ்திரிக்குக்கூட இவனைவிடச் சம்பளம் அதிகம். கடைத்தெருவே சிரித்தது. இவன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அப்பாவின் கடை வாசல் வழியாகவேதான் தினமும் போவான். வேறு வழி இருந்தது. அதில் போகமாட்டான்.

பள்ளிக்கூடத்துக்கு மைதானம் கிடையாது. ஞானதுரை கொட்டகுடி ஆற்றுக்குள் இறங்கி, மணலைச் சமப்படுத்தி, மூங்கிலை நட்டு, அதையே மைதானமாக்கினான். மலையில் மழை பெய்தால் வெள்ளம் வந்து மைதானத்தையும் மூங்கிலையும் அள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் வடிந்த மறுநாள் மண்வெட்டியோடு நிற்பான். மணலில் ஓடிப் பழகிய பையன்கள் கெட்டித் தரைக்குப் போனால் அவர்களைப் பிடிக்க முடியாது. எஸ்டேட் அணிக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கி, பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டி, மூன்று கோல் வாங்கிக்கொண்டு மறுபடி ஜீப்பில் ஏறிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க வயிறு குளிரும்.

பையன்கள் போனபிறகு அவன் வட்டை எடுப்பான். அதைச் செய்துகொடுத்தவர் ஜக்கையன் ஆசாரி. கல்லூரி வட்டு கல்லூரியோடு போயிற்று, கடையில் வாங்க மதராசுக்கு எழுத வேண்டும், ஆகவே ஆசாரியிடம் சொல்லிக் கட்டைக்கு இரும்புப் பட்டை போட்டு, நடுவில் இரும்புத் தகடு பதித்து ஒன்று செய்யச் சொன்னான். கிலோ வராத காலம், ராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ். வட்டின் எடை நாலு ராத்தல் ஆறரை அவுன்ஸ் இருக்க வேண்டும் என்பது விதி. எடை பார்க்கத் தராசும் கல்லும் அப்பாவின் கடையிலிருந்து போயின.

அந்த வட்டை வைத்துக்கொண்டு அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதல் வருஷம் தொண்ணூற்றெட்டு அடி. விட்ட பழக்கம், வந்துவிடும் என்றான். மறுவருஷம் நூறு. அப்புறம் நூற்று இரண்டு, நூற்று மூன்று. அதோடு நின்றது. காலை வைக்கிற இடத்தை மாற்றினான், சுற்றுகிற வேகத்தை மாற்றினான், தண்டால் எடுத்தான், கேப்பைக்களி தின்றான். நூற்று மூன்றைத் தாண்டவில்லை. நான் அங்குலத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா என்றுகூட நினைத்தது உண்டு. சொன்னால் என் மூஞ்சியில் முழிக்கமாட்டான்.

"என்ன பாண்டி, எனக்கு வயசாயிருச்சோ?" என்று ஒருநாள் கேட்டான். அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு. "ஆகாம இருக்குமா" என்றேன். அந்தப் பதிலுக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் சத்தியநேசன் ஒரு முடிவோடு வந்தார். பேரில் சத்தியம் இருப்பதாலோ என்னவோ, எதையும் நாலு பேர் முன்னால் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் சொந்தக்காரர்கள் நிற்கும்போது மகனைக் கூப்பிட்டார்.

"ஏலே, காலேசுல நூத்தி ஒம்போது எறிஞ்சேன்னு பத்து வருசமாச் சொல்லிக்கிட்டுத் திரியுற. வர்ற மாசம் மதுரையில ஜில்லாப் போட்டி. நூத்திப்பத்து எறி. எறிஞ்சுட்டா ஒன் வழிக்கே நான் வரல. எறியலேன்னா அந்த விசில ஆத்துல போட்டுட்டு, திங்கக்கெழமையே கடைக்கு வந்து ஒக்காரணும். சம்மதமா?"

ஞானதுரையின் மனைவி லில்லி அவன் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். அவளுக்குத் தெரியும், நூற்று மூன்று என்பது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சம்மதம்ப்பா" என்றான்.

அன்றைக்குச் சாயந்தரம் ஆற்றில் பதினெட்டுத் தடவை எறிந்தான். மிக அதிகம், நூற்று இரண்டு அடி எட்டு அங்குலம். கடைசியில் மணலில் உட்கார்ந்து, "கடையில ஒக்காந்தா பம்பாய்க்கு என்னன்னு எழுதணும் பாண்டி?" என்று கேட்டான். சிரிக்கத்தான் முயன்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போடிக்கு மறுபடியும் ரயில் வந்த புதிது. சண்டைக்குப் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டிருந்தார்கள். இரண்டு பேரும் வட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மதுரைக்கு ஏறினோம். மைதானத்தில், சொந்த வட்டு கொண்டுவந்தவர்கள் முதலில் எடை காட்ட வேண்டும் என்றார்கள். விதிக்குக் குறைந்தால் ஆகாது, கூடினால் தடையில்லை. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் தராசில் வைத்தார், கல்லை மாற்றினார், மறுபடி வைத்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதையா எறியுறீங்க?"

"ஆமா சார். கொறையுதா?"

"கூடுதுங்க. நாலு ராத்தல் பதினாலரை அவுன்ஸ். அரை ராத்தல் கூட. சட்டப்படி எறியலாம். ஆனா எதுக்குங்க இந்தத் தண்டனை? இங்கயே நல்ல வட்டு இருக்கே, அதை எடுத்துக்கங்க."

ஞானதுரை அங்கே இருந்த வட்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனது. கல்லூரியில் தொட்டது இதே எடையைத்தான் என்பது கைக்கு ஞாபகம் வந்துவிட்டது போலும்.

முதல் எறி கையிலிருந்து முன்னாலேயே வழுக்கி, பக்கத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு நின்றவர்களைச் சிதறடித்தது. செல்லாது. இரண்டாவது கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. பதினோரு வருஷம் பாரத்தோடு பழகிய கைக்கு லேசான வட்டை எங்கே விடுவது என்று தெரியவில்லை. "யோவ் ஞானம், அவசரப்படாத. வட்டைப் பிடிச்சிரு, அதுவாப் போகட்டும்" என்று கத்தினேன். மூன்றாவது போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. நூற்றுப் பதின்மூன்று அடி நாலு அங்குலம்.

நான் குதித்தேன். அவன் குதிக்கவில்லை. திரும்பி வந்து பழைய வட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் பரிசுக்குக் கொடுத்த வெண்கலப் பதக்கத்தையும் நான்தான் போய் வாங்கினேன்.

ரயில் உசிலம்பட்டியைத் தாண்டிற்று. அப்புறம் கேட்டான். "பாண்டி, நீ கணக்கு வாத்தியாருதான. நாலு ராத்தல் ஆறரை அவுன்சுன்னு சொல்லி அடிச்ச வட்டுல அரை ராத்தல் எப்பிடிக் கூடும்?"

"கல்லுல கூடியிருந்தாக் கூடும்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

மறுநாள் ஞாயிறு. நேரே ஜக்கையன் பட்டறைக்குப் போனோம். "எங்கையில என்ன தப்பு? கன்னையன் கொண்டாந்த கல்லுக்குச் சரியா அடிச்சேன்" என்றார் ஆசாரி. கன்னையன் என்பவர் சத்தியநேசனின் கடையில் எடை போடுகிறவர். முப்பது வருஷ விசுவாசி. வீட்டுக்குப் போய்க் கேட்டதும் அவர் மறைக்கவே இல்லை. சந்தோஷமாகச் சொன்னார்.

"மலைக்கல்லுலதான் போட்டேன் சின்ன மொதலாளி. கடையில ரெண்டு கல்லு உண்டுல்ல? விக்கிறது ஊர்க்கல்லுல. வாங்குறது மலைக்கல்லுல. எந்தச் சாமான் வாங்குனாலும் மலைக்கல்லுலதான் போடணும்னு மொதலாளி உத்தரவு. ஒங்க வட்டு, ஜக்கையன்கிட்ட வாங்குற சாமான்தான? அரை ராத்தல் இரும்பு சும்மா வந்துச்சேன்னு நீங்க சந்தோசப்படுவீகன்னு இருந்தேன்."

மலைக்கல்லின் அடியில் குழி தோண்டி ஈயம் ஊற்றியிருக்கிறது. நாலு ராத்தல் கல்லில் அரை ராத்தல் ஈயம். மலையிலிருந்து ஒன்பது ராத்தல் காய் கொண்டுவந்தால் எட்டு என்று நிற்கும். கன்னையன் இதை ஒரு குற்றமாகவே நினைக்கவில்லை. கடைக்குக் கதவு இருக்கிற மாதிரி, மலைக்கல்லும் இருக்கிறது. முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு லாபம் பார்த்துக் கொடுத்தோம் என்றே பதினோரு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது.

"வீட்டுக்குள்ள போய் அப்பாகிட்டத் தனியாப் பேசு" என்று நான் ஞானதுரையிடம் சொன்னேன். அதற்கு அவன், "தனியாவா என்னை நூத்திப்பத்து எறியச் சொன்னாரு?" என்றான்.

அப்பாவின் கண்ணில் படாமல் அவன் இரண்டு ராத்திரியும் என் வீட்டிலேயே தங்கினான். திங்கட்கிழமை காலை கடை நிறைய மலைச் சம்சாரிகள். மூட்டைகளுக்கு நடுவே தராசு. சத்தியநேசன் மெத்தையில் சாய்ந்திருந்தார். மகன் வருவதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. கடையில் உட்கார வருகிறான் என்று நினைத்துவிட்டார்.

"என்னலே, எத்தனை அடி?"

"நூத்திப் பதிமூணு அடி நாலு அங்குலம்ப்பா" என்று சொல்லிவிட்டு வட்டைத் தராசுத் தட்டில் வைத்தான். "கன்னையாண்ணே, இத மலைக்கல்லுல போடுங்க."

கன்னையன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி அசையவில்லை. கன்னையன் போட்டார். நாலு ராத்தல் ஆறரை அவுன்ஸ். முள் நடுவில் நின்றது.

"இப்ப ஊர்க்கல்லுல போடுங்க."

நாலு ராத்தல் பதினாலரை. அதே வட்டு, அதே தராசு. சம்சாரிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பொறுக்குகிற பெண்கள் முறத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

சத்தியநேசன் எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "நீ காலேசுல தின்ன சோறு அந்தக் கல்லுல வந்ததுடா. நீ ஒதைச்ச பந்து அந்தக் கல்லுல வந்தது. கடைத்தெருவுல எவன்கிட்ட ஒரே கல்லு இருக்கு? சொல்லு பாப்போம். பந்தயத்துல ஜெயிச்சுட்டல்ல, வாய மூடிக்கிட்டு ஒன் சோலியப் பாக்கப் போ."

"போறேன்ப்பா. மலைக்காரங்கள ஏமாத்துறதுக்கு வச்ச கல்லு, பதினோரு வருசம் என்னைய ஏமாத்தியிருக்கு. நான் கெழவனாயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எனக்காவது தெரிஞ்சிருச்சு. இவுங்களுக்கு யாரு சொல்றது? அதச் சொல்லத்தான் வந்தேன்."

அப்போது ஒரு குரல் கேட்டது. "கன்னையா, என் மூட்டைய எறக்குப்பா. இப்பப் போட்டியே, அந்த ரெண்டாவது கல்லுல போடு." குருவம்மாள் என்ற பெண். புருஷன் செத்தபிறகு தனியாகத் தோட்டம் பார்க்கிறவள். போடிமெட்டுப் பாதைக்குக் கீழே சரிவில் ஒன்றரை ஏக்கர் இருந்தது அவளுக்கு. முப்பத்திரண்டு ராத்தல் என்று காலையில் நின்ற மூட்டை முப்பத்தாறாக நின்றது. அவள் சத்தம் போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. வாயில் விரலை வைத்துக்கொண்டு, எத்தனை வருஷமாகக் காய் போடுகிறோம் என்று யோசித்தபடி அப்படியே நின்றாள். மற்றவர்களும் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துத் தராசுப் பக்கம் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்குச் சாயந்தரமே லில்லியும் ஞானதுரையும் அப்பா வீட்டிலிருந்து இறங்கிவிட்டார்கள். ஒரு தையல் மெஷின், இரண்டு டிரங்குப் பெட்டி, பந்து ஒன்று, வட்டு ஒன்று. லில்லி அழுவாள் என்று நான் பயந்தேன். "மெஷினக் கவுத்துறாதீங்க அண்ணே, ஊசி ஒடஞ்சுரும்" என்றாள். அவ்வளவுதான்.

ஜக்கையன் அந்த வட்டின் பட்டையில் நாலு, பதினாலரை என்று உளியால் கொத்திக் கொடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் ஞானதுரை கடைத்தெருவில் நிற்பான். எந்தச் சம்சாரிக்குச் சந்தேகமோ அவர் வட்டை வாங்கிக்கொண்டு போய் அந்தக் கடைத் தராசில் வைப்பார். எதிர்த்தட்டில் நாலு ராத்தல் கல்லும் பதினாலரை அவுன்சும் வைத்தால் முள் நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கல் பொய். ஒரு கடையில் வட்டை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அப்படியானால் காயும் உள்ளே வராது என்று சம்சாரிகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் கடைத்தெரு முழுக்க ஈயம் கழன்றது. ஞானதுரை மைதானத்தில் எறிந்த எந்த எறிக்கும் அவ்வளவு தூரம் கிடையாது.

கடைத்தெரு சும்மா இருக்குமா? பள்ளிக்கூடத்தை நடத்துகிற கமிட்டியே கடைத்தெருதான். ஐந்து பேர், ஐந்து பேரும் வியாபாரிகள், அதில் ஒருவர் சத்தியநேசன். ஞானதுரையைக் கூப்பிட்டார்கள். அளந்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

"அந்த எடையெல்லாம் சரிதானா வாத்தியாரே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் தலைவர். யோசிக்க அவர் எனக்கு நிறைய நேரம் கொடுத்தார். என் வேலையும் அந்த மேஜைமேல்தான் இருந்தது. "சரிதான். எழுபத்தெட்டரை அவுன்ஸ்" என்றேன். குரல் நடுங்கிற்று, எண் நடுங்கவில்லை.

தலைவர் ஞானதுரை பக்கம் திரும்பினார். "மாஸ்டர், ஒங்களுக்குப் பந்து சொல்லிக் குடுக்கத்தான் சம்பளம். கடைத்தெருவுல எடை பாக்க இல்ல. அந்த வட்டை ஆபீஸ்ல ஒப்படைச்சுருங்க, பீரோவுல இருக்கட்டும். நாளைக்கே வழக்கம்போல டிரில் எடுங்க. யாரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல."

ஞானதுரை கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினான். "விசில் ஒங்க சொத்து. வட்டு என் சொத்து" என்று சொல்லி விசிலை மேஜைமேல் வைத்தான்.

வேலைநீக்கக் கடிதத்தில் ஐந்து கையெழுத்து. சத்தியநேசன் கடைசியாகப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எந்த விசிலுக்காக நூற்றுப் பதின்மூன்று அடி எறிந்தானோ, அது போயிற்று. நான் வேலையை விடவில்லை. வீட்டில் ஆறு பேர் சாப்பிட வேண்டியிருந்தது. மறுநாள் நான் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, ஆற்றில் பையன்கள் மாஸ்டர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நாளை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் லில்லியின் தையல் மெஷினில்தான் குடும்பம் ஓடியது. ஞானதுரை மலைக்குச் சரக்கு ஏற்றுகிற ஜீப் ஆபீசில் லோடுக் கணக்கு எழுதினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி, தோட்ட வேலையாட்களைச் சேர்த்து, சரிவில் மரம் வெட்டிய இடத்தில் பந்து ஆடினான். தரை சாய்வு. ஒரு கோல் மேலே, ஒரு கோல் கீழே. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறிக்கொள்வார்கள். பந்து உருண்டு ஓடையில் விழுந்தால் எடுத்துவர அரைமணி நேரம். அவன் முன்னைவிடச் சத்தமாகக் கத்தினான், சிரித்தான். விசில் இல்லாததால் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதக் கற்றுக்கொண்டான்.

மறுவருஷம் ஐம்பத்தாறில் மறுபடி ஜில்லாப் போட்டி. போகாதே, பள்ளிக்கூடத்துப் பேர் இல்லாமல் எப்படிச் சேர்ப்பார்கள் என்றேன். "சேக்கலேன்னா அவுங்க வாயால சொல்லட்டும். நானா எதுக்குச் சொல்லிக்கணும்?" என்றான். இந்தத் தடவை ரயிலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை. குருவம்மாளும் இன்னும் பதினோரு சம்சாரிகளும் கட்டுச்சோற்றோடு ஏறியிருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் மதுரையை அன்றுதான் முதலில் பார்த்தார்கள்.

மைதானத்தில் படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, எந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர், ஸ்தாபனத் தலைவர் கையொப்பம். ஞானதுரை பெயரை எழுதினான், முப்பத்துநாலு என்று எழுதினான், மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது.

"ஸ்தாபனம் இல்லாம எடுக்க முடியாதுங்க. வழியில நிக்காதீங்க, பின்னால ஆளுங்க இருக்காங்க" என்றார் மேஜைக்காரர். இது வேறு ஆள். வறண்ட குரல்.

ஞானதுரை திரும்பிப் பார்த்தான். வெயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு வேலியோரம் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் குனிந்து எழுதினான். 'போடி மலைச் சம்சாரிகள் சங்கம்.' அப்படி ஒரு சங்கம் அந்த நிமிஷம் வரைக்கும் கிடையாது.

"தலைவர் யாரு? கையெழுத்து வேணுமே."

"ஆத்தா, இங்க வாங்க" என்று நான் கூப்பிட்டேன். அந்தக் கூப்பாடு என் வாயிலிருந்துதான் வந்தது, அதில் எனக்குப் பெருமை உண்டு. கமிட்டி முன்னால் நடுங்கிய குரல் அன்றைக்கு நடுங்கவில்லை. குருவம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்து, காட்டிய இடத்தில் அழுத்தினாள். மேஜைக்காரர் ரேகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். படிவத்தில் ஒரு கட்டமும் காலியாக இல்லை. எடுத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வழி இல்லை.

குழாய் ஒலிபெருக்கியில், "ஞானதுரை, போடி மலைச் சம்சாரிகள் சங்கம்" என்று கூப்பிட்டார்கள். வேலியோரம் யாரும் கைதட்டவில்லை. கைதட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஆண்கள் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். அவன் வெறுங்காலோடு வட்டத்துக்குள் போய், நகமில்லாத பெருவிரலைச் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் வைத்தான். ஆறு எறி. டேப் பிடிக்க ஆள் குறைந்ததால் என்னையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஐந்தாவதுதான் நல்ல எறி. திண்டுக்கல்லிலிருந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் அவனைவிட மூன்றடி கூட எறிந்திருந்தார். இவன் இரண்டாவது.

அவன் பரிசு வாங்கப் போயிருந்தபோது நான் வேலிக்கு ஓடினேன். "நூத்திப் பதினஞ்சு அடி ரெண்டு அங்குலம்!" என்று மூச்சிரைக்கச் சொன்னேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். குருவம்மாளின் கட்டைவிரலில் மை இன்னும் காயவில்லை.

"அளந்தது யாரு அப்பு? அவுக அளவா, நெச அளவா?" என்று கேட்டாள்.

 "டேப்போட அந்த மொனையப் பிடிச்சது நான்தான் ஆத்தா. நெச அளவு" என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பி அந்த எண்ணைச் சத்தமாகச் சொன்னாள்.